வாகனத்தின் நிறத்தை மாற்றும் ரப்பர் ஸ்ப்ரே: அடிக்கும் முன் அறிய வேண்டியவை

ஜூலை பிறந்தால் வளைகுடா நாடுகளில் பள்ளி விடுமுறை. தென்காசி, கடையநல்லூர், வடகரை, பொட்டல்புதூர் பகுதிச் சகோதரர்கள் குடும்பத்தோடு ஊர் வரும் காலம் அது. குற்றாலத்தில் சாரல் சீசனும் அப்போதுதான். ஒரு வருடமாக ஷெட்டில் நின்ற காரையும் பைக்கையும் அந்த விடுமுறைக்குள் புதிதுபோல் ஆக்கிவிட வேண்டும் என்ற ஆசை பலருக்கு உண்டு. பெயிண்ட் அடித்தால் செலவு அதிகம், பழைய நிறமும் போய்விடும். அதனால் பிடிக்காவிட்டால் தோல்போல உரித்துவிடலாம் என்று சொல்லப்படும் ரப்பர் ஸ்ப்ரேயின் பக்கம் இளைஞர்களின் கவனம் திரும்புகிறது. அதன் நன்மை, தீமை இரண்டையும் தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது.

இது என்ன?

இந்த வகையில் உலகம் முழுவதும் அறியப்பட்ட பெயர் பிளாஸ்டி டிப். இதைத் தயாரிப்பது அமெரிக்காவின் மினசோட்டா மாநில நிறுவனம். பிளையர் போன்ற கருவிகளின் கைப்பிடியை முக்கி எடுத்து, கை வழுக்காதபடி ரப்பர் உறை போடுவதற்குத்தான் முதலில் இது பயன்பட்டது. பிறகு ஸ்ப்ரே டப்பாவில் வந்தது, அலாய் வீலுக்கும் காருக்கும் பரவியது.

இதில் செயற்கை ரப்பர், எளிதில் ஆவியாகும் கரைப்பானில் கரைந்திருக்கிறது. அடித்தவுடன் கரைப்பான் ஆவியாகிவிட, ரப்பர் படலம் மட்டும் தங்குகிறது. சாதாரண பெயிண்ட் தகட்டோடு இறுகப் பிடித்துக்கொள்ளும். ரப்பர் படலமோ தகட்டைப் பிடிப்பதைவிடத் தன்னைத்தானே பலமாகப் பிடித்துக்கொள்ளும். ஓரத்தைத் தூக்கி இழுத்தால் முழுத் தாளாக உரிந்து வருவது இதனால்தான். ஆனால் படலம் தடிமனாக இருக்க வேண்டும். செலவை மிச்சப்படுத்த இரண்டு கோட் மட்டும் அடித்தால், உரிக்கும்போது துண்டு துண்டாகக் கிழியும். அப்படி மாட்டிக்கொண்டவர்கள் அதன் மேலேயே இன்னும் சில கோட் அடித்து, காய்ந்தபின் உரித்தால் வந்துவிடும்.

அடிக்கும் முறை

வண்டியைச் சோப்பு நீரில் கழுவி, எண்ணெய்ப் பிசுக்கும் வாக்ஸும் இல்லாமல் துடைத்துக் காயவிட வேண்டும். கண்ணாடி, விளக்கு, நம்பர் பிளேட், டயர், பிரேக் ஆகியவற்றை மாஸ்கிங் டேப்பும் பேப்பரும் கொண்டு மூட வேண்டும். 15 முதல் 20 செ.மீ. தூரத்தில் டப்பாவைப் பிடித்து, முதல் கோட்டை மெல்லியதாக, அடிநிறம் தெரியும்படி விட வேண்டும். அதன் மேல் நான்கு, ஐந்து கோட் நிறைவாக அடிக்க வேண்டும். ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவில் அரை மணி நேரம் வரை இடைவெளி தேவை. கடைசிக் கோட் ஈரமாக இருக்கும்போதே டேப்பை எடுத்துவிட வேண்டும். காய்ந்தபின் எடுத்தால் டேப்போடு படலமும் சேர்ந்து கிழியும்.

சக்கரம், கண்ணாடிக் கூடு போன்ற சிறு பாகங்களுக்கு டப்பா போதும். முழுக் காருக்குக் கம்ப்ரசரும் ஸ்ப்ரே கன்னும் வேண்டும். அதை அனுபவமுள்ளவரிடம் விடுவதே சரி.

கரைப்பானின் ஆவி எளிதில் தீப்பிடிக்கும், மூச்சுக்கும் கெடுதல். பூட்டிய ஷெட்டுக்குள்ளோ அடுப்பு எரியும் இடத்துக்குப் பக்கத்திலோ அடிக்கக் கூடாது. சிகரெட்டுக்கு இடமே இல்லை. ரசாயன ஆவியைத் தடுக்கும் முகமூடியும் கையுறையும் அவசியம். கையில் ரப்பர் படிந்தால் ஒளுவின் தண்ணீர் தோலைத் தொடாது. அதை நீக்கிவிட்டே ஒளு செய்ய வேண்டும்.

நம் ஊரில் எப்போது அடிக்கலாம்?

பலர் தவறுவது இங்கேதான். விடுமுறை கிடைக்கும் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்கள் இந்த வேலைக்கு ஏற்றவை அல்ல. கரைப்பான் ஆவியாகும்போது தகடு குளிர்கிறது. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அந்த ஈரம் படலத்தில் படிந்து, நிறம் வெளுத்துத் தெரியக்கூடும். ஆரியங்காவு கணவாய் வழியாக வரும் காற்றோ ஸ்ப்ரேயை அள்ளிக்கொண்டு போகும், தூசியையும் ஈரப் படலத்தில் ஒட்டவைக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையும் அப்படியே. தை முதல் பங்குனி வரை, வெயில் ஏறுமுன் நிழலில் அடிப்பது நல்லது.

பெட்ரோல் இந்த ரப்பரைக் கரைத்துவிடும். ஆகவே பைக் டேங்கும் பெட்ரோல் மூடியைச் சுற்றிய இடமும் தோதுப்படாது. சுமார் 93 டிகிரி செல்சியஸ் வரைதான் வெப்பம் தாங்கும் என்பதால் சைலன்சருக்கும் ஆகாது. சர்வீஸ் ஸ்டேஷனில் பிரஷர் தண்ணீரை ஓரங்களில் நேராக அடித்தால் படலம் தூக்கிக்கொள்ளும். ஏற்கெனவே டிங்கரிங் செய்து பெயிண்ட் அடித்த பாகமாக இருந்தால், உரிக்கும்போது அந்தப் பெயிண்டும் கூடவே வரக்கூடும்.

ஆர்சி புக்கில் உள்ள நிறம்

உரித்துவிடலாம் என்பதால் சட்டம் பொருந்தாது என்று நினைக்கக் கூடாது. பதிவுச் சான்றிதழில் வாகனத்தின் நிறமும் ஒரு விவரம். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு வாகனத்தில் செய்யும் மாற்றங்களைப் பற்றியது. வண்டியின் முழு நிறத்தையும் மாற்ற நினைப்பவர், வண்டி பதிவான வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு, ஆர்சியிலும் திருத்திக்கொள்ள வேண்டும். டிஎன் 76 வண்டி என்றால் அது தென்காசி அலுவலகம். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் தெரிவித்துவிடுங்கள். ராணுவ வாகனங்களுக்குரிய ஆலிவ் பச்சை நிறத்தை மற்ற வாகனங்களுக்கு அடிக்க 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் தடை உள்ளது. விளக்குகளின் மேல் கறுப்பு ஸ்ப்ரே அடிப்பது இரவில் பின்னால் வருபவரின் உயிருக்கே ஆபத்து.

புளியரை தாண்டிக் கேரளா செல்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். 2022 அக்டோபரில் நடந்த வடக்கஞ்சேரி பேருந்து விபத்துக்குப் பிறகு, சுற்றுலாப் பேருந்துகள் வெள்ளை நிறத்தில்தான் இருக்க வேண்டும் என்ற உத்தரவைக் கேரள அரசு கண்டிப்புடன் அமல்படுத்தியது.

விற்பவரும் வாங்குபவரும்

ரப்பர் படலம் நசுங்கலை மறைக்காது. ஆனால் கீறல், மங்கிய பெயிண்ட், சிறு துருப்புள்ளி, நிறம் மாறிய கதவு எல்லாவற்றையும் மறைத்துவிடும். லீவில் வந்து அவசரமாகப் பழைய கார் வாங்கும் சகோதரர்கள் கதவைத் திறந்து உள்விளிம்பையும், பானெட்டின் உள்பக்கத்தையும், பெட்ரோல் மூடியின் உட்புறத்தையும் பாருங்கள். அங்குள்ள நிறமும், வெளி நிறமும், ஆர்சியில் உள்ள நிறமும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள்.

விற்பவருக்கும் கடமை உண்டு. மழையில் நனைந்த தானியத்தை அடியிலும் காய்ந்ததை மேலேயும் வைத்து விற்றவரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த நிகழ்ச்சி நாம் அறிந்ததே. மேலே ரப்பர், அடியில் துரு என்றால் அதுவும் அதே கணக்குதான். ஸ்ப்ரே அடித்த வண்டி என்று சொல்லி, அடியில் உள்ளதையும் காட்டி விற்பதே ஹலாலான வியாபாரம்.

மங்கிய வீல் கப்பை மாற்றாமல் புதுப்பிப்பதற்கும், புது பெயிண்டைக் கீறலிலிருந்து காப்பதற்கும் இது பயனுள்ள பொருள். ஆசைக்காக மாதம் ஒரு நிறம் என்று போனால் அது வீண் விரயம். உரித்த ரப்பரை எரிக்காமலும், ஆற்றிலும் ஓடையிலும் போடாமலும் குப்பையில் சேருங்கள். அருவித் தண்ணீரை நம்பித்தான் நம் வயல்களும் குளங்களும் இருக்கின்றன.