வேரோடு களைதல்

சாத்தாம் துறையில் படகேறித் துறைமுக நீரைக் கடந்தால் பாம்பூஃப்ளாட். மேடும் சரிவுமாக வீடுகள் அமைந்த இவ்வூர்ப் பக்கத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பொழிகிறது. வாயிலில் சிறிது புல்தரை வைத்திருப்போர்க்கு இதனால் நேரும் தொல்லை யாவரும் அறிந்ததே. புல்லினும் களை விரைந்து வளர்கின்றது. அதனை எக்கருவியால் அகற்றுவது என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுந்த பொருள்.

களை யாவும் ஒரு தன்மையன அல்ல. வேரை அறிந்த பின்னரே கருவியைத் தேர்தல் வேண்டும்.

தொட்டாற்சுருங்கி அமெரிக்க வெப்பநாடுகளிலிருந்து பரவிய செடி. அதன் முள், வெறுங்காலுடன் ஆடும் குழந்தைகளுக்குப் பகை. அதன் ஆணிவேர் ஆழமாக இறங்குவது. மேலே பறித்தால் வேர் அறுந்து மீண்டும் தழைக்கும். இதற்கு ஏற்றது, ஒரு சாண் நீளமும் விரலளவு அகலமும் கொண்டு, நுனி பாம்பின் நாப்போல் பிளந்த இரும்பு. பழைய லாரி ஸ்பிரிங் பட்டையைக் கொல்லரிடம் கொடுத்தால் செய்து தருவார். மழை பெய்த மறுநாள், வேரை ஒட்டி அதனை நேராக இறக்கி, அடியில் ஒரு கல்லை அணைகொடுத்துப் பிடியை அமுக்குக. மற்றைக் கையால் செடியின் அடியைப் பற்றி மெல்ல இழுத்தால் வேர் முழுதும் வரும்.

கோரையோ வேறு வகை. 1977இல் ஹோல்ம் முதலிய அறிஞர் வெளியிட்ட நூல், உலகின் கொடிய களைகளுள் இதற்கே முதலிடம் தந்தது. மண்ணுள் கிழங்குகள் சங்கிலிபோல் தொடர்ந்திருக்கும். களைக்கொட்டினால் மேலே கொத்தினால் உறங்கும் கிழங்குகள் விழித்துக்கொள்ளும். மூன்று பல் உள்ள கைமுள்ளால் மண்ணைக் கிளறிக் கிழங்குகளைப் பொறுக்கி, வெயிலில் நன்கு உலர்த்துக; எருக்குழியில் இடற்க. மழை குறைந்த தை முதல் பங்குனி வரை இதற்கு ஏற்ற காலம்.

மண்வெட்டியால் ஒரேயடியாகச் செதுக்கினால் என்ன எனச் சிலர் வினவலாம். சரிவில் அவ்வாறு செய்தால் அடுத்த மழையில் மேல்மண் ஓடிவிடும். சிறு கருவி விரலளவு குழியே இடும். அதில் மண்ணும் ஒரு புல்முடிச்சும் வைத்தால் மூடிவிடும்.

மருந்து தெளிப்போர்க்கும் ஒரு சொல். கிளைபோசேட் என்னும் களைக்கொல்லியை, மனிதர்க்குப் புற்றுநோய் விளைக்கக் கூடியதாகலாம் என உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2015இல் வகைப்படுத்தியது. 2022இல் இந்திய அரசு, பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர் வாயிலாகவன்றி அதனைப் பயன்படுத்தலாகாது என ஆணையிட்டது. கிணற்றடியிலும் குழந்தைகள் தவழும் இடத்திலும் நாமே தெளித்தல் தகுமோ? நம்மவர் பெருந்தொகையினராய் வாழும் கனடாவின் ஒன்டாரியோ மாநிலமும் 2009இல் புல்தரை அழகுக்காக இம்மருந்துகள் பலவற்றைத் தெளிப்பதைத் தடுத்தது. அங்கே டேண்டிலயன் என்னும் ஆணிவேர்ச் செடியை, காலால் மிதித்து மண்ணுள் இறக்கும் நெடுங்காம்புக் கருவியால் நின்றபடியே பிடுங்குகின்றனர். முதுகு குனிய இயலாத பெரியோர்க்கு அது நன்று.

முள்மரத்தை இளமையிலேயே களைக என்றார் வள்ளுவர். களைக்கும் அஃதே முறை. பூத்து விதை சிந்துமுன், வாரம் அரைமணி நேரம், பிள்ளைகளையும் உடன்வைத்துக்கொண்டு இப்பணியைச் செய்து வருவோமாக.