தட்சிணசித்ரா: அம்மாபேட்டையிலிருந்து ஒரு நாள் பயணம்

தட்சிணசித்ரா என்பது சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள முட்டுக்காட்டில் அமைந்த வாழும் வரலாற்று அருங்காட்சியகம் ஆகும். தென்னிந்திய மக்களின் பழைய வீடுகள், கைத்தொழில்கள், நிகழ்கலைகள் ஆகியவை இங்கு ஒரே வளாகத்தில் காட்டப்படுகின்றன. சேலம் அம்மாபேட்டை போன்ற நெசவுப் பகுதிகளில் வாழும் குடும்பங்களுக்கு இந்த இடம் தனிப் பொருள் உடையது. அவர்களில் பலருடைய அன்றாடத் தொழில் இங்கு காட்சியாக வைக்கப்பட்டுள்ளது.

வாழும் வரலாற்று அருங்காட்சியகம்

வழக்கமான அருங்காட்சியகத்தில் பொருள்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும். வாழும் வரலாற்று அருங்காட்சியகத்தில் பார்வையாளர் வீட்டுக்குள்ளேயே நுழைந்து திண்ணையில் உட்காரலாம். தொழில் நடப்பதை நேரில் காணலாம். இத்தகைய திறந்தவெளி அருங்காட்சியகங்களுக்கு முன்னோடி சுவீடனின் ஸ்டாக்ஹோம் நகரில் உள்ள ஸ்கான்சென். ஆர்தர் ஹசேலியஸ் என்பவர் 1891-இல் இதை நிறுவினார். தொழில்மயமாதலால் கிராம வாழ்க்கை மறைந்து வந்ததைக் கண்டு, பல பகுதிகளின் வீடுகளை அங்குக் கொண்டுவந்து நிறுத்தினார்.

தோற்றம்

1984-இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் கிராஃப்ட் பவுண்டேஷன் என்னும் அமைப்பு தட்சிணசித்ராவை நடத்துகிறது. இதன் நிறுவனர் டெபோரா தியாகராஜன். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் வளாகத்தின் அமைப்பை வகுத்தார். பென்னி குரியகோஸ் கட்டுமானப் பணிகளை முன்னெடுத்தார். சுமார் 10 ஏக்கர் பரப்பில் அமைந்த இது 1996 டிசம்பரில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

வீடுகள் இடம்பெயர்ந்த முறை

இங்குள்ள வீடுகளில் பல, இடிக்கப்பட இருந்த நிலையில் விலைக்கு வாங்கப்பட்டவை. தூண், உத்தரம், கதவு, நிலை ஆகியவற்றைக் கவனமாகப் பிரித்து, அடையாளமிட்டு, வண்டியில் ஏற்றி வந்து, அதே வரிசையில் மீண்டும் பொருத்தினர். கேரளத்தின் மரவீடுகளுக்கு இம்முறை நன்கு பொருந்தியது. புதுப்பள்ளியிலிருந்து வந்த, 19-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சிரியன் கிறித்தவர் வீடு இதற்கு எடுத்துக்காட்டு. மண்சுவரைப் பிரித்து எடுத்து வர இயலாது. ஆகவே அத்தகைய வீடுகளை அந்தந்தப் பகுதியின் முறைப்படி புதிதாகக் கட்டினர்.

தமிழ்நாட்டுப் பகுதியில் செட்டிநாட்டு வணிகர் வீடு, அக்கிரகார வீடு, உழவர் வீடு, குயவர் வீடு, காஞ்சிபுரம் பட்டு நெசவாளர் வீடு ஆகியவை உள்ளன. ஆந்திரக் கடலோரத்தின் வட்ட வடிவ வீடும், கர்நாடகத்தின் இல்கல் நெசவாளர் வீடும் பலரும் விரும்பிப் பார்ப்பவை.

நெசவாளர் வீடும் அம்மாபேட்டையும்

நெசவாளர் வீட்டில் தறிக்கும் வீட்டுக்கும் பிரிவில்லை. குழித்தறியாக இருந்தால் தரையில் குழி வெட்டி, நெசவாளர் அதில் காலை இறக்கி மிதிகட்டையை மிதிப்பார். இதனால் தறி தரையோடு தாழ்வாக அமைகிறது. பாவு நீளமாக ஓட வேண்டியிருப்பதால் கூடம் நீண்டிருக்கும். ஒருவர் தார் சுற்ற, மற்றொருவர் நெய்ய, வீட்டார் அனைவரும் வேலையில் பங்குகொள்வர். வீட்டின் வடிவத்தைத் தீர்மானித்தது தொழிலே என்பதை இங்கு எளிதில் உணரலாம்.

அம்மாபேட்டை, சேலம் மாநகராட்சியின் மண்டலங்களுள் ஒன்று. நீண்டகால நெசவு மரபு உடையது. சேலம் வெண்பட்டு வேட்டி புவிசார் குறியீடு பெற்ற துணி. ஆயினும் விசைத்தறி ஒரே நாளில் நெய்யும் அளவுக்குக் கைத்தறியால் ஈடுகொடுக்க முடிவதில்லை. சில துணி வகைகளைக் கைத்தறிக்கு மட்டும் ஒதுக்கும் சட்டம் 1985-இல் இயற்றப்பட்டது. தொடக்கத்தில் 22 வகைகள் இருந்த அப்பட்டியல் பின்னர் 11 ஆகக் குறைக்கப்பட்டது. கூலி கட்டுப்படியாகாததால் பல வீடுகளில் பிள்ளைகள் தறியில் அமர்வதில்லை.

இங்குதான் இத்தகைய அருங்காட்சியகத்தின் எல்லையும் தெரிகிறது. வீட்டைப் பிரித்து வந்து மீண்டும் நிறுத்தலாம். நெய்யும் கையை அப்படிக் கொண்டுவர முடியாது. அது ஒருவரிடமிருந்து மற்றொருவர் பழகிக்கொள்வது. தாத்தா தறியில் அமர்ந்திருக்கும் வீட்டுக் குழந்தைக்கு, காட்சியில் உள்ள தறியைவிடக் கூடுதலான பாடம் வீட்டிலேயே உண்டு. அதன் மதிப்பை உணர்த்துவதே இப்பயணத்தின் பெரும்பயன்.

பயணக் குறிப்புகள்

சேலத்திலிருந்து சென்னை ஏறத்தாழ 340 கி.மீ. தொலைவில் உள்ளது. இரவு ரயிலிலோ பேருந்திலோ புறப்பட்டால் காலையில் சென்னையை அடையலாம். அங்கிருந்து மாமல்லபுரம் செல்லும் சாலையில் முட்டுக்காடு வரும். செவ்வாய்க்கிழமை விடுமுறை. வளாகம் முழுவதையும் நடந்தே பார்க்க வேண்டும் என்பதால், முதியவர்களுடன் செல்வோர் வெயில் ஏறுமுன் வீடுகளைப் பார்த்துவிட்டு, நண்பகலுக்குப் பின் மண்பாண்டம் வனைதல் போன்ற கைவினைகளில் குழந்தைகளை ஈடுபடுத்தலாம். வீட்டுப் பெரியவர்களையும் உடன் அழைத்துச் செல்வது நல்லது. உரல், குதிர், தறி ஆகியவற்றைப் பயன்படுத்தியவர் அருகில் இருந்தால், அறிவிப்புப் பலகையில் இல்லாத செய்திகளும் குழந்தைகளுக்குக் கிடைக்கும்.