ஒரு மேஜைதான் மொத்தக் கோயிலும்: பேகன்களோட பீடம்

இன்னைக்கு எபிசோட் ஒரு மேஜையைப் பத்தினது.

மேஜை மேல ரெண்டு மெழுகுவர்த்தி. ஒரு கிண்ணத்துல தண்ணி, இன்னொண்ணுல உப்பு. ஊதுவத்தி, ஒரு கோப்பை, ஒரு சின்னக் குச்சி, கருப்புக் கைப்பிடி போட்ட ஒரு கத்தி. வெப் சீரிஸ்ல இப்படி ஒரு மேஜையைக் காட்டினா, அடுத்த சீன்ல யாரோ செத்துப்போவாங்கன்னு அர்த்தம். நிஜத்துல இங்கிலாந்துலயோ அமெரிக்காவுலயோ ஒரு நர்ஸோ டெவலப்பரோ வேலை முடிஞ்சு வந்து பத்து நிமிஷம் அமைதியா நிக்கிற இடம் அது. இங்கிலீஷ்ல ஆல்டர். அகராதியைப் பார்த்தா பலிபீடம்னு போட்டிருக்கும். இங்க பலி கிடையாது, அதனால நான் பீடம்னே சொல்றேன்.

பேகன் என்பது ஒரே மதத்தோட பேர் இல்லை. கிறிஸ்தவத்துக்கு முந்தைய ஐரோப்பியத் தெய்வங்களையும் இயற்கையையும் மையமா வெச்சு, பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டில் உருவான பல புது மதங்களுக்கான பொதுப்பெயர் அது. விக்கா, ட்ரூயிட், ஹீதன்னு பல வகை. நான் முக்கியமா விக்காவைப் பத்திப் பேசறேன், ஏன்னா அந்த மேஜை அங்கேர்ந்துதான் பரவினது.

விக்காவை வெளியுலகத்துக்குக் கொண்டுவந்தவர் ஜெரால்டு கார்ட்னர். ஆள் கொஞ்சம் சுவாரஸ்யமானவர். சின்ன வயசுல இலங்கைக்கு வந்து தேயிலைத் தோட்டத்துல வேலை பார்த்தார், அப்புறம் மலாயாவுல கஸ்டம்ஸ் அதிகாரி. மலாய்க்காரங்களோட கிரிஸ் கத்திகளைப் பத்தி 1936ல ஒரு புத்தகமே எழுதியிருக்கார். பிரிட்டனில் பழைய சூனியச் சட்டம் 1951ல் நீக்கப்பட்டது. 1954ல தன்னோட வழிபாட்டைப் பத்திப் புத்தகம் போட்டார். அந்த வழிபாட்டுல ரொம்ப முக்கியமான கருவி எதுன்னா, ஒரு கத்தி. அவருக்குக் கத்திமேல இருந்த ஆசைக்கும் இதுக்கும் தொடர்பு இருக்கும்னு நினைக்கிறேன். ஆனா அந்தக் கத்தியால எதையும் வெட்ட மாட்டாங்க. அதைக் கையில பிடிச்சு, தங்களைச் சுத்தி காத்துல ஒரு வட்டம் வரைவாங்க. அந்த வட்டம்தான் அவங்களுக்குக் கர்ப்பக்கிரகம், மண்டபம், மதில் எல்லாமே. மூலிகையோ நூலோ வெட்டணும்னா அதுக்கு வெள்ளைக் கைப்பிடி போட்ட கத்தி தனி.

மத்த பொருளுக்கும் கணக்கு இருக்கு. தட்டு மண்ணுக்கு, கோப்பை தண்ணிக்கு. கத்தி நெருப்புக்கா காத்துக்கா, குச்சி எதுக்கு என்பதுல மட்டும் குழுவுக்குக் குழு தகராறு, இன்னும் தீரலை. இந்த நாலு பொருள் கணக்கே 1888ல லண்டனில் ஆரம்பிச்ச கோல்டன் டான்ங்கிற ரகசிய சங்கத்துக்கிட்டேர்ந்து வந்தது. ஆக, ஆதிகாலத்துச் சமாச்சாரம்னு யாராவது சொன்னா முழுசா நம்பாதீங்க. புதுசா இருக்குங்கிறதால அது போலின்னும் ஆயிடாது.

"நம்ம வீட்டு பூஜை அலமாரி மாதிரிதானே?"ன்னு உங்களுக்குத் தோணும். பாதிதான் சரி. நம்ம அலமாரியில சாமி குடியிருக்கார், நாம தினம் போய்ப் பார்க்கிறோம். விக்கா பீடத்துல சிலை இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அடிப்படையில அது ஒரு வேலை மேஜை. சடங்குக்கு முன்னாடி அடுக்குவாங்க, வட்டம் போடுவாங்க, கடைசியில ரொட்டியும் வைனும் பகிர்ந்து சாப்பிடுவாங்க, வட்டத்தைக் கலைப்பாங்க. பல வீட்டுல அதுக்கப்புறம் எல்லாம் திரும்ப டிராயருக்குள்ள போயிடும்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி ஆஸ்திரேலியா. பிரிட்டனில் எழுதின விதிப்படி வடக்கு மண், கிழக்கு காத்து, தெற்கு நெருப்பு, மேற்கு தண்ணி. வட்டத்தைக் கடிகாரம் சுத்தற திசையில போடணும், ஏன்னா சூரியன் அப்படித்தான் போகுது. ஆனா சிட்னியில சூரியன் வடக்குப் பக்கமா போகும். வெயில் வர்ற திசை வடக்கு, குளிர் தெற்கு. புத்தகத்தை அப்படியே காப்பி பண்ணினா நெருப்பைக் குளிர் பக்கம் வெக்கணும். அதனால அங்க நிறையப் பேர் நெருப்பை வடக்குக்கு மாத்திட்டாங்க, வட்டத்தை எதிர்த் திசையில போடறாங்க. அக்டோபர் 31ல வர்ற முன்னோர் பண்டிகை சாவினையே ஏப்ரல் கடைசிக்குத் தள்ளிட்டாங்க, அவங்களுக்கு இலையுதிர் காலம் அப்போதானே. யாரோ ஹார்ட்கோட் பண்ணின மதிப்பைப் பார்த்து, "இது ஏன் இங்க இருக்கு?"ன்னு கேட்டு மாத்தின வேலை இது. பழைய திசையிலயே தொடர்றவங்களும் இருக்காங்க, அவங்களுக்கும் காரணம் இருக்கு.

இப்போ கஷ்டமான விஷயத்துக்கு வரேன். விக்காவுக்கு எல்லாரும் ஒத்துக்கிட்ட வேதம் கிடையாது. பெரும்பாலானவங்களுக்குப் போக ஒரு கோயில் கிடையாது. 1988ல ஸ்காட் கன்னிங்ஹாம் தனியாளா வழிபடறவங்களுக்குன்னே ஒரு வழிகாட்டி எழுதினதுக்கப்புறம், குழுவும் இல்லாம தனியா பண்றவங்க இன்னும் பெருகினாங்க. அப்போ மிச்சம் இருக்கிறது அந்த மேஜைதான். அதையும் எடுத்துட்டா?

இந்தக் கேள்வி கோர்ட்டுக்கே போச்சு. வர்ஜீனியாவுல ஒரு சிறைக் கைதி, தன் வழிபாட்டுக்கு மெழுகுவர்த்தி, ஊதுவத்தி, உப்பு, வெள்ளை அங்கி மாதிரியான பொருட்களைத் தன்கிட்ட வெச்சுக்க அனுமதி கேட்டார். 1986ல் அமெரிக்காவின் நான்காவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. விக்கா ஒரு மதம்தான், அரசியல் சட்டப் பாதுகாப்பு அதுக்கும் உண்டு. ஆனா சிறைப் பாதுகாப்பு கருதி அந்தப் பொருட்களைத் தர மறுக்கலாம். பேகன்கள் இதை இன்னைக்கும் வெற்றியா சொல்றாங்க. சட்டப்படி பெரிய வெற்றிதான். ஆனா அந்த ஆளோட அறையிலேர்ந்து யோசிச்சுப் பாருங்க. புத்தகம் வெச்ச மதத்துக்காரருக்கு ஒரு புத்தகம் கொடுத்தா பாதி மதம் கைக்கு வந்துடும். இவருக்கு மதம்ங்கிற பேர் கிடைச்சது, மேஜை கிடைக்கலை. ஜெயில்ல நெருப்பு வேண்டாம்ங்கிற பயம் எனக்குப் புரியுது. உப்புக்கும் சேர்த்து மறுத்ததுதான் எனக்கு உறுத்துது.

வெளியில இருக்கிறவங்களும் சமாளிச்சுக்கிட்டுத்தான் இருக்காங்க. ஹாஸ்டல்ல மெழுகுவர்த்தி கூடாதுன்னா எல்இடி விளக்கு. அப்பா அம்மாவுக்குத் தெரியக்கூடாதுன்னா, பெப்பர்மின்ட் டப்பாவுக்குள்ள ஒரு கல், ஒரு சிப்பி, ஒரு இறகு, பர்த்டே கேக் மெழுகுவர்த்தி ஒண்ணு. மூடினா மிட்டாய் டப்பா, திறந்தா பீடம். எதுவுமே முடியாதவங்க கண்ணை மூடி மனசுலயே மேஜையை அடுக்கறாங்க. "அதுவே போதும், பொருள் வெறும் துணைதான்"னு சொல்ற மூத்தவங்க உண்டு. எனக்கு அதுல முழு சம்மதம் இல்லை. வேற வழி இருந்தும் மனசுல பண்றது ஒண்ணு, வேற வழியே இல்லாம பண்றது இன்னொண்ணு.

இங்கிலாந்து, வேல்ஸ் சிறைத்துறை இதுக்கு ஒரு நடுவழி கண்டுபிடிச்சிருக்கு. பேகன் கைதிகள் என்னென்ன வெச்சுக்கலாம்னு ஒரு பட்டியலே போட்டாங்க. ஊதுவத்தி உண்டு. அங்கி உண்டு, ஆனா தலையை மூடற பகுதி இருக்கக்கூடாது, வழிபாட்டு நேரத்துல மட்டும் போட்டுக்கலாம். மந்திரக்கோலும் உண்டு. ஒரே நிபந்தனை, அது வளையற குச்சியா இருக்கணும்.