பாரின் சரக்கு எல்லாம் ஸ்காட்ச் இல்லைங்க! பாட்டிலைத் திருப்பிப் படிச்சுட்டு காசை எடுங்க!

அருப்புக்கோட்டை: "பாரின் சரக்கு வந்திருக்கு... ஒரிஜினல் ஸ்காட்ச்... கடை விலையில பாதிதான்!" என்று யாராவது உங்கள் காதைக் கடித்தால் உடனே பாக்கெட்டில் கை விட்டுவிடாதீர்கள். பணமும் போகலாம், கண்ணும் போகலாம், உயிரும் போகலாம்.

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் தறி ஓட்டியும், மில்லுக்குப் போயும், மானாவாரி வெள்ளாமை பார்த்தும் சேர்த்த காசு அது. ஸ்காட்ச் என்றால் என்ன, எங்கே கிடைக்கும், எப்படி ஏமாற்றுகிறார்கள் என்று தெரிந்துகொண்டால் நல்லதுதானே?

ஸ்காட்ச் என்பது ஊர்ப் பெயர்!

மதுரை மல்லி மாதிரிதான் ஸ்காட்ச்சும். ஊரை வைத்து வந்த பெயர். இங்கிலாந்துக்கு வடக்கே இருக்கும் ஸ்காட்லாந்து நாட்டில் காய்ச்சி, அங்கேயே ஓக் மர பீப்பாயில் குறைந்தது 3 வருடம் ஊற வைத்தால்தான் அது ஸ்காட்ச். ஆல்கஹால் அளவும் 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. இது அந்த நாட்டுச் சட்டம்.

செய்முறை லேசானதுதான். நம்ம வீட்டில் கம்பு, கேழ்வரகை ஊற வைத்து முளை கட்டுகிறோம் அல்லவா? அதுபோல பார்லியை முளை கட்டிக் காய வைக்கிறார்கள். அதுதான் மால்ட். அதை அரைத்து, வெந்நீரில் ஊற வைத்து, புளிக்க வைத்துக் காய்ச்சுகிறார்கள். காய்ச்சி இறக்கும்போது தண்ணீர் மாதிரி நிறமே இருக்காது. நிறமும் மணமும் பெரும்பாலும் பீப்பாயில் ஏறுவதுதான்.

பீப்பாயில் கிடக்கும்போது வருடத்துக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகிப் போய்விடும். "தேவதைகளின் பங்கு" என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள். பெங்களூரில் விஸ்கி ஊற வைக்கும் அம்ருத் ஆலையில் இந்த இழப்பு 10 சதவீதத்தைத் தாண்டும். நம்ம கரிசல் காட்டு வெயிலில் வைத்தால் தேவதைகளுக்குக் கொண்டாட்டம்தான்!

அப்போ நாம குடிக்கிறது?

டாஸ்மாக்கில் விஸ்கி என்று வாங்கும் குவார்ட்டர் பெரும்பாலும் கரும்பாலைக் கழிவான மொலாசஸில் இருந்தோ, தானியத்தில் இருந்தோ எடுத்த ஸ்பிரிட்டில் தயாராவது. மொலாசஸில் தயாரான சரக்கை ஐரோப்பிய நாடுகளில் விஸ்கி என்று சொல்லி விற்கவே முடியாது. சில இந்திய பிராண்டுகளில் கொஞ்சம் ஸ்காட்ச் மால்ட் கலப்பார்கள். லேபிளிலும் போட்டிருக்கும். ஆனாலும் அது ஸ்காட்ச் கலந்த இந்திய விஸ்கிதான், ஸ்காட்ச் அல்ல.

பெயரில் "ஸ்காட்" இருந்தாலும் அப்படித்தான். பெங்களூர் கோடே நிறுவனத்தின் பீட்டர் ஸ்காட் 1968 முதல் விற்பனைக்கு வந்தது. "எங்கள் பெயரை எப்படி வைக்கலாம்?" என்று ஸ்காட்லாந்து விஸ்கி சங்கம் வழக்குப் போட்டது. கடைசியில் 2008 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு கோடே நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பு சொன்னது. சங்கம் தாமதமாக வந்ததும், விஸ்கி வாங்குகிறவர்களுக்கு எது ஸ்காட்ச் என்று தெரியும் என்பதும் அதில் சொல்லப்பட்ட காரணங்கள். நமக்குத் தெரிந்திருக்கணுமே!

நம்மவர்கள் கேட்டு வாங்குவது எது?

2022-ல் பிரான்சை முந்தி, அளவில் அதிக ஸ்காட்ச் வாங்கிய நாடு இந்தியாதான். அந்த ஒரு வருடத்தில் மட்டும் சுமார் 21.9 கோடி பாட்டில்!

பழைய சினிமாவில் வில்லன் மேஜையில் நிற்குமே, அந்த வாட் 69 ஸ்காட்ச்தான். 1882-ல் வில்லியம் சாண்டர்சன் என்பவர் பல தொட்டிகளில் விதவிதமாகக் கலந்து ருசி பார்க்கச் சொன்னாராம். 69-ம் நம்பர் தொட்டி ஜெயித்ததால் அந்தப் பெயர் என்கிறார்கள். பிளாக் அண்ட் ஒயிட், டீச்சர்ஸ், 100 பைப்பர்ஸ் ஆகியவையும் ஸ்காட்ச்தான். இவை பீப்பாயில் ஊறி முடிந்த பிறகு மொத்தமாக இந்தியாவுக்கு வந்து, இங்கே பாட்டிலில் அடைக்கப்படுபவை. அதனால் விலை கொஞ்சம் கம்மி.

1820-ல் மளிகைக் கடையாகத் தொடங்கிய ஜானி வாக்கர் குடும்பத்தின் ரெட் லேபிள், பிளாக் லேபிள், அதோடு சிவாஸ் ரீகல் எல்லாம் அதற்கு மேலே. பாட்டிலில் 12 வருடம் என்று போட்டிருந்தால், கலந்திருப்பதில் வயது குறைந்த சரக்கே 12 வருடம் ஊறியது என்று அர்த்தம்.

பாதி விலை எப்படி வரும்?

இங்கேதான் சூட்சுமம். ஸ்காட்ச் மீது சுங்க வரி மட்டும் பல வருடம் 150 சதவீதமாக இருந்தது. அதற்கு மேல் மாநில வரி. 2025 ஜூலையில் இந்தியாவும் பிரிட்டனும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தப்படி இது முதலில் 75 சதவீதமாகவும், 10-வது வருடத்தில் 40 சதவீதமாகவும் குறையும். எப்படிப் பார்த்தாலும் வரி கட்டி வந்த பாட்டிலைப் பாதி விலைக்குக் கொடுக்க யாராலும் முடியாது.

அப்படியானால் இரண்டே வழிதான். ஒன்று, வெளிநாட்டில் இருந்து வந்தவர் டியூட்டி பிரீயில் வாங்கியது. மதுரை ஏர்போர்ட்டில் இறங்கும் பயணி 2 லிட்டர் வரை வரி இல்லாமல் கொண்டு வரலாம். ஆனால் அது சொந்த உபயோகத்துக்கு. விற்றால் குற்றம்.

இரண்டாவது, பழைய இரும்புக் கடைக்குப் போன காலி ஸ்காட்ச் பாட்டிலில் மட்டமான சரக்கை ஊற்றி மூடி போட்டது. பாதி விலைக்காரர் கொண்டு வருவது இதில் எது என்று பார்த்தவுடன் கண்டுபிடிக்க முடியாது.

எங்கே வாங்கலாம்? எங்கே குடிக்கலாம்?

தமிழ்நாட்டில் சில்லறை மது விற்பனை 2003 நவம்பரில் இருந்து டாஸ்மாக் கையில்தான் இருக்கிறது. 1977-ல் நம்ம அருப்புக்கோட்டை தொகுதியில் ஜெயித்து முதல் முறையாக முதல்வரான எம்.ஜி.ஆர்., 1983-ல் ஆட்சியில் இருந்தபோது தொடங்கிய நிறுவனம் இது என்பது குறிப்பிடத்தக்கது.

வெளிநாட்டு ரகங்களுக்கென்றே பெரிய நகரங்களில் டாஸ்மாக் எலைட் கடைகள் உண்டு. உட்கார்ந்து குடிக்க லைசென்ஸ் உள்ள பார், ஓட்டல் பார், கிளப் மட்டும்தான். கண்மாய்க் கரை, பஸ் ஸ்டாண்டு மூலை எல்லாம் சட்டப்படி கூடாது. 21 வயது ஆகாதவர்களுக்கு விற்கவே கூடாது.

குடிப்பவர்கள் வெறும் வயிற்றில் குடிக்க வேண்டாம். "ராவா" அடிப்பது வீரம் கிடையாது. ஸ்காட்லாந்துக்காரர்களே கொஞ்சம் தண்ணீர் சேர்த்துத்தான் மணத்தை ரசிக்கிறார்கள். குடித்துவிட்டு மதுரை - தூத்துக்குடி நான்கு வழிச்சாலையில் பைக்கை எடுத்தால், மாட்டினால் 10 ஆயிரம் ரூபாய் அபராதம். லாரிக்கு அடியில் போனால் அதைக் கட்டக்கூட ஆள் இருக்காது.

கையில் வாங்கியதும் பாருங்க

* லேபிளில் "ஸ்காட்ச் விஸ்கி" என்று தெளிவாக இருக்கிறதா?

* கடையில் விற்கும் பாட்டில் என்றால் இறக்குமதியாளர் அல்லது பாட்டிலில் அடைத்த கம்பெனியின் பெயர், எம்.ஆர்.பி. விலை இருக்கிறதா?

* மூடியில் ஹாலோகிராம் ஸ்டிக்கர் கிழியாமல் இருக்கிறதா?

* காலி பாட்டிலை அப்படியே போடாதீர்கள். லேபிளைக் கிழித்து விடுங்கள்.

கண் மங்கினால் காத்திருக்காதீங்க

கலப்படக்காரன் கையில் மெத்தனால் கிடைத்தால் கதை முடிந்தது. 2023 மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டு பகுதிகளில் 20 பேருக்கு மேல் செத்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் பலி. பெரும்பாலும் கூலி வேலைக்குப் போனவர்கள்தான். அது பாக்கெட் சாராயம். ஆனால் மெத்தனாலுக்குப் பாக்கெட், பாரின் பாட்டில் என்ற பேதம் தெரியாது.

மோந்து பார்த்தோ, ருசி பார்த்தோ, தீக்குச்சி கொளுத்திப் பார்த்தோ அதைக் கண்டுபிடிக்க முடியாது. குடித்து பல மணி நேரம் கழித்துக்கூட வாந்தி, வயிற்று வலி, மூச்சிரைப்பு, பார்வை மங்கல் வரும். "போதை இறங்கலை, தூங்கட்டும்" என்று படுக்க வைக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். என்ன குடித்தார் என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சீக்கிரம் போனால் மாற்று மருந்தும் டயாலிசிஸும் காப்பாற்றும்.

ஓசியில் வந்தாலும் சரி, பாதி விலைக்கு வந்தாலும் சரி, சீல் உடைந்த ஸ்காட்ச் வேண்டவே வேண்டாம். அந்தக் காசுக்கு வீட்டுக்கு ஒரு கிலோ கறி எடுத்துக்கொண்டு போங்க. பிள்ளைகளாவது சந்தோஷமாச் சாப்பிடும்!