டாக்டரிடம் காட்டினால் சரியாகுமா?

இந்த விஷயத்தை நம் இதழில் எழுதலாமா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். எழுதத்தான் வேண்டியிருக்கிறது. தில்லியில் வளரும் நம் பிள்ளைகளிலும் ஆணை விரும்பும் ஆண், பெண்ணை விரும்பும் பெண் உண்டு. அவர்கள் வீட்டில் வாய் திறந்ததும் பெற்றோர் கேட்பது, மேலே தலைப்பில் உள்ள கேள்விதான். என்னிடமே இரண்டு குடும்பத்தார் கேட்டுவிட்டார்கள். நான் டாக்டருமில்லை, வக்கீலுமில்லை. சர்க்கார் அலுவலகத்தில் 30 வருஷம் கோப்பு பார்த்தவன். படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

இது நோயே இல்லை. உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே தன்பால் ஈர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. "மாற்றிக் காட்டுகிறேன்" என்று சிகிச்சை செய்வது தொழில் ஒழுக்கக்கேடு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் அறிவித்தது. அப்படி ஆசை காட்டும் டாக்டருக்கு ஃபீஸ் கட்ட வேண்டாம். (ஜோசியருக்கும்தான்!)

அந்த அறிவிப்புக்குக் காரணம் நம் ஊர் வழக்கு ஒன்று. மதுரையைச் சேர்ந்த இரண்டு பெண்கள் சேர்ந்து வாழ்வதற்காக வீட்டை விட்டுச் சென்னைக்குப் போனார்கள். காணவில்லை என்று பெற்றோர் போலீஸில் புகார் கொடுக்க, பெண்கள் பாதுகாப்புக் கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அவசரப்படவில்லை. பெண்களையும் பெற்றோரையும் ஆலோசனைக்கு அனுப்பினார். இந்த விஷயம் தமக்கே சரியாகப் புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, தாமும் ஒரு மனநல ஆலோசகரிடம் போய் உட்கார்ந்து கேட்டுக்கொண்டார். தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் மாணவராக உட்கார்ந்ததுதான் என் மனதில் நிற்கிறது. பிறகு 2021 ஜூன் 7-ஆம் தேதி உத்தரவு வந்தது: வயது வந்தவர்கள் மனமொப்பிச் சேர்ந்து வாழ்கிறார்கள் என்று தெரிந்தால் போலீஸ் அந்தப் புகாரை முடித்துவிட வேண்டும், தொல்லை தரக்கூடாது, மாற்றும் சிகிச்சையும் கூடாது. இவர்களைக் கௌரவமாகக் குறிப்பிடத் தமிழ்ச் சொற்களையும் தமிழக அரசு 2022-ல் அரசிதழில் வெளியிட்டது.

"போலீஸ் பிடிக்குமா?" என்றும் கேட்கிறார்கள். பிடிக்காது. வெள்ளைக்காரன் 1860-ல் எழுதிவைத்த 377-ஆம் பிரிவு, வயது வந்தவர்கள் சம்மதத்துடன் சேர்வதற்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக 2018 செப்டம்பர் 6 அன்று சொல்லிவிட்டார்கள். இருவரும் சேர்ந்து பாங்கில் ஜாயின்ட் அக்கவுண்ட் திறக்கலாம், ஒருவரை ஒருவர் நாமினியாகப் போடலாம் என்று மத்திய நிதி அமைச்சகம் 2024-ல் தெளிவுபடுத்தியது.

ஊரில் அவசரமாக ஒரு வரன் பார்த்து முடித்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. அதில் ஒன்றும் அறியாத இன்னொரு வீட்டுப் பிள்ளையின் வாழ்க்கையும் சேர்ந்து கெடும். இதை நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்வேன்.

பெற்றோருக்கும் மனம் விட்டுப் பேச ஆள் வேண்டும். 'ஸ்வீகார்' என்று இத்தகைய பிள்ளைகளின் பெற்றோர் சேர்ந்து நடத்தும் குழு இருக்கிறது. 2023 ஏப்ரலில் 400-க்கும் மேற்பட்ட பெற்றோர் அதன் சார்பில் இந்தியத் தலைமை நீதிபதிக்குக் கடிதம் எழுதினார்கள். தங்களில் சிலர் 80 வயதை நெருங்குவதாகவும், கண்ணை மூடுவதற்குள் பிள்ளைகளின் கல்யாணம் சட்டப்படி செல்லுவதைப் பார்க்க ஆசைப்படுவதாகவும் அதில் எழுதியிருந்தார்கள். அக்டோபர் 17-இல் வந்த தீர்ப்பு அந்த உரிமையை வழங்க மறுத்துவிட்டது.