ஈயச் சன்னமும் இலேசான வெடியும்

ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே கடல் நடுவில் நிற்கும் சிறு கோட்டையைக் கட்டியவர் போர்த்துக்கேயர். 1658ஆம் ஆண்டில் அதனைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், இலங்கைத்தீவின் வடிவம் உப்பிட்ட பன்றித்தொடையை ஒத்ததெனக் கருதி, அத்தொடையின் குதிக்கால் என்னும் பொருள்பட அதற்கு ஹம்மன்ஹீல் எனப் பெயரிட்டனர். உள்ளிருந்தோரைப் பணியச்செய்தது குண்டுமழையன்று, குடிநீர்த் தட்டுப்பாடே என்பது வியத்தற்குரியது. எனினும், இரு பக்கத்து வீரரும் துப்பாக்கியிலிட்டது ஈயச் சன்னமே.

ஈயத்தைத் தேர்ந்ததேன்? இரும்பு உருக 1538 பாகை சதமவளவை வெப்பம் வேண்டும். ஈயத்துக்கு 327 பாகை போதும். கரியடுப்பில் உருக்கி, இடுக்கிபோலத் திறக்கும் அச்சிலே வார்த்துவிடலாம். அது நீரினும் பதினொரு மடங்கு பாரமானது. மென்மையானதாதலின் குழலைத் தேய்ப்பதுமில்லை. தீவக மீனவர் வீச்சுவலையின் விளிம்பில் ஈயம் கோப்பதும் இப்பாரங் கருதியேயன்றோ?

பதினெட்டு மில்லிமீற்றர் விட்டமுள்ள ஈய உருண்டை ஏறக்குறைய 35 கிராம் நிறுக்கும். விட்டத்தைப் பாதியாக்கின் எடை பாதியாகாது, எட்டிலொன்றாகும், 4.3 கிராமே தேறும். கைத்துப்பாக்கிக்கு இலேசான சன்னம் பொருந்துவதன் காரணம் நியூற்றனின் மூன்றாம் விதியிலுள்ளது. சன்னம் முன்னே பெறும் உந்தத்துக்கு ஈடாகத் துப்பாக்கி பின்னே உதைக்கும். தோளிலே தாங்கப்படாத சிறு கருவியில் அவ்வுதை முழுவதும் மணிக்கட்டிலேயே விழும். சன்னத்தின் எடையையும் மருந்தையும் ஒருங்கே குறைத்தால் உதை தணியும், கை நடுங்காது. இலக்குப் பயிற்சியாளர் வேண்டுவதும் இதுவே.

ஆயின் இலேசுக்கும் விலையுண்டு. சிறிய உருண்டையின் முகப்பரப்பு நாலிலொன்றாகக் குறைய, எடை எட்டிலொன்றாகின்றது. ஆகவே ஒரே வேகத்திற் செல்லும் இரண்டினுள் சிறியதைக் காற்று இருமடங்கு விரைவில் தளர்த்தும். குழலின் விட்டம் மாறாத இக்காலச் சுழல்துப்பாக்கியிலோ, சன்னத்தின் நீளத்தைக் குறைத்தே அதனை இலேசாக்குவர். அப்போது வேறொரு புதுமை தோன்றும்: குறி நேராயிருந்தும் சன்னம் சற்றுக் கீழே படும். உதையினால் குழல்வாய் மேலெழும் அளவையுங் கணித்தே குறிகாட்டி அமைக்கப்படுகின்றது. உதை குறைய எழுச்சியுங் குறைகின்றது. பயில்வோர் பலர் இதனைத் தம் கண்ணின் குற்றமெனக் கொள்வர்.

தூய ஈயம் மிகு வேகத்தில் குழலின் சுருட்பள்ளங்களிற் படிந்துவிடும். அதனைத் தடுக்கவே வெள்ளீயமும் அந்திமனியுங் கலந்து கடினமாக்குவர். மெல்லிய வெடிக்கு அத்துணைக் கடினம் வேண்டுவதில்லை. மிகக் கடினமான சன்னம் விரிந்து குழலை அடைக்காமையால், சூடான வாயு பக்கவாட்டிற் கசிந்து அதன் விளிம்பை அரிக்கவுஞ் செய்யும்.

குறைந்த மருந்து தீங்கற்றது என்றெண்ணுதல் பெரும் பிழை. பெரிய கூட்டின் அடியிலே சிறிதளவு மருந்து கிடக்கையில், மறதியால் இருமுறை இட்டாலும் கூடு நிரம்பித் தன்னைக் காட்டிக்கொடாது. அவ்வொன்றே கருவியையும் கையையுஞ் சிதைக்கப் போதும். அளவு மிகக் குறைந்தாலோ சன்னம் குழலின் நடுவே சிக்கி நிற்கும். அதனை அறியாது அடுத்ததைச் சுடுவோன் நிலை சொல்லவேண்டா. இத்தொழில் சோதிக்கப்பெற்ற அட்டவணையும் சட்ட உரிமமும் உடையோர்க்கே உரியது. இலங்கையில் துப்பாக்கியை ஆளும் கட்டளைச் சட்டம் 1916ஆம் ஆண்டினது.

உருக்கும் அடுப்பின் இடர் சன்னத்தோடு நிற்பதன்று. வலைக்கு ஈயம் வார்க்கும் வீட்டுக்கும் அது பொது. ஈயத்துகள் மூச்சிலும் உணவிலும் புகுந்து எலும்பிலே நெடுநாள் தங்கும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். வார்ப்பதற்குரிய இடம் சமையற்கட்டன்று, காற்றோடும் வெளிமுற்றமே. அங்குங் குழந்தைகளை அணுகவிடலாகாது. ஈரத்துளி பட்டால் உருகிய ஈயம் வெடித்துத் தெறிக்குமாதலின் மழைநாளில் அத்தொழிலைத் தொடங்காதிருத்தல் நன்று.