பத்தாம் வகுப்போடு நின்றவர்: இந்தச் சான்றை எப்படி எழுதுவது?

விடாமுயற்சி, தொழில்முனைவு, இணையப் பாதுகாப்பு: கருத்து விளக்கக் கட்டுரைக்கு இந்த மூன்று தலைப்பில் எது வந்தாலும் பொருந்தும் ஒரு சான்று கைலாஷ் காட்கர். இந்தியாவின் புனே நகரில் ‘குவிக் ஹீல்’ என்ற நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கியவர்.

முதலில் அவருடைய பாதையைப் பாருங்க. பத்தாம் வகுப்போடு பள்ளிப் படிப்பை நிறுத்திவிட்டு, கால்குலேட்டர் பழுதுபார்க்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். வேலை நிமித்தமாக ஒரு வங்கிக்குப் போனபோது அங்கே கணினியைக் கண்டார். இனி இதுதான் வரப்போகுது என்று புரிந்துகொண்டு, கணினி பழுதுபார்க்கவும் கற்றுக்கொண்டார். 1990களின் தொடக்கத்தில் சொந்தக் கடை வைத்தார். பழுதென்று வந்த கணினிகள் பலவற்றில் நச்சுநிரல் இருந்தது. அப்போது அது பெரும்பாலும் நெகிழ்வட்டு வழியாகத்தான் பரவும். ஒரு கணினியைச் சரிசெய்து கொடுத்தாலும், பாதிக்கப்பட்ட வட்டை மறுபடி போட்டால் அதே பழுது திரும்ப வந்துவிடும். தம்பி சஞ்சய் அதற்குத் தீர்வாக நிரல் எழுதினார். 1990களின் நடுவில் அது விற்பனைக்கு வந்தது. 2016-இல் நிறுவனம் பங்குச் சந்தையில் இடம்பெற்றது.

இங்கேதான் கவனம் தேவை. ‘படிக்காமலேயே சாதித்தார், ஆகவே படிப்பு முக்கியமில்லை’ என்று மாணவர்கள் எழுதிடுறாங்க. அந்த நிரலை எழுதியது யார்? கணினி அறிவியல் படித்த தம்பி. அவரைப் படிக்கச் சொல்லி ஊக்கப்படுத்தியது யார்? பள்ளியை விட்ட அதே அண்ணன்தான்! படிப்பின் அருமையை அவர் நன்றாகவே அறிந்திருந்தார். ஆக, இந்தச் சான்று படிப்புக்கு எதிரானது அல்ல. அண்ணனின் தொழில் அனுபவமும் தம்பியின் கல்வியும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கான சான்று.

மாணவர்களே, கதை முழுவதையும் எழுத வேண்டாம். தலைப்புக்குத் தேவையானதை மட்டும் எடுங்க. விடாமுயற்சி என்றால் கால்குலேட்டரிலிருந்து கணினிக்கு மாறியது. தொழில்முனைவு என்றால் வாடிக்கையாளரின் பிரச்சினையையே தொழில் வாய்ப்பாகக் கண்டது. இணையப் பாதுகாப்பு என்றால் நச்சுநிரல் பரவும் விதம். கடைசியில், ‘இதனால் நாம் அறிவது என்ன?’ என்பதற்கு ஒரு வாக்கியம் எழுதுங்க. அந்த வாக்கியம் இல்லாவிட்டால், சான்று வெறும் தகவலாகவே நின்றுவிடும்.

ஆசிரியர்கள் இதை வகுப்பில் விவாதமாகவும் நடத்தலாம்: ‘நிறுவனத்தின் வெற்றிக்குப் பெரிதும் காரணம் அண்ணனா, தம்பியா?’